பூட்டு மாற்றும் முறை

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலை பெரும்பாக்கத்தின் வழியே போகிறது. சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் எல்காட் ஸ்தாபனத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலமும், அதனுள் பெரிய மென்பொருள் கம்பெனிகளின் மாளிகைகளும் விளங்குகின்றன. அதற்கு அணித்தே, கூவம், அடையாறு முதலியவற்றின் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட குடும்பங்களுக்கென்று சர்க்கார் கட்டிய அடுக்குமாடி வீடுகள் இருபதினாயிரத்துக்கு மேல் நிற்கின்றன. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட தன் சொந்தக் கட்டடத்தோடு இவ்வூரிலேயே அமைந்திருக்கிறது. இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் சாலையின் மேலுள்ளவை. கண்ணுக்குத் தெரியாத வேறொரு சாலையும் இவ்வூரில் உண்டு. வீட்டில் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தரையும் தொலைவிலுள்ள காரியாலயத்தையும் இணைக்கும் அந்தரங்கச் சாலை அது. அதன் பூட்டுகளைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

இச்சாலைக்கு வி.பி.என். என்று பெயர். இன்டர்நெட் என்பது எல்லோரும் நடக்கும் பொதுப் பெருவழி. அதன் வழியே காரியாலயத்துக் கடிதங்களையும் கணக்குகளையும் திறந்தபடி அனுப்பினால், இடையில் நிற்பவன் எவனும் படித்துவிடலாம். ஆதலின் அனுப்புமிடத்திலேயே செய்தியைச் சங்கேதமாக மாற்றி, சேருமிடத்தில் மட்டும் அதைப் பிரித்துப் படிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். காரியாலயத்துப் பக்கம் இருந்து கதவைக் காக்கும் யந்திரம் சர்வர். வீட்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ இருந்து கதவைத் தட்டும் மென்பொருள் கிளையன்ட். இவ்விரண்டுக்கும் பொதுவான சங்கேத முறையே பூட்டு.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது இச்சாலையின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. அதற்கு முன்னர், பிறருக்காகத் தொலைபேசி வழியும் கம்ப்யூட்டர் வழியும் வேலை செய்து கொடுக்கும் கம்பெனிகள் தம் சிப்பந்திகளை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்குத் தொலைத்தொடர்பு இலாகா பல கட்டுப்பாடுகளையும் ஈட்டுத்தொகையையும் விதித்திருந்தது. அந்த மார்ச்சு 13ஆந் தேதி இலாகா அவற்றைத் தளர்த்தியது. நவம்பர் 5ஆந் தேதி வெளியிட்ட புதிய விதிகளில் பெரும்பாலும் நீக்கியே விட்டது. தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் சமையற்கட்டு மேசைகளெல்லாம் காரியாலய மேசைகளாயின. அன்று அவசரத்தில் போட்ட பூட்டுகள் பல இன்னும் அப்படியே தொங்குகின்றன. அவற்றுள் எவை துருப்பிடித்தவை, அவற்றை எவ்வாறு மாற்றுவது என்பதே கேள்வி.

சங்கேத முறைகளுக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்க சர்க்கார் 1977ல் தேசியத் தரமாக ஏற்ற டி.இ.எஸ். என்ற முறையை, 1998ல் அதற்கென்றே கட்டிய ஒரு யந்திரம் 56 மணி நேரத்தில் உடைத்தது. 2005ல் அத்தரம் வாபஸ் பெறப்பட்டது. 1993ல் புரூஸ் ஷ்னையர் என்ற அறிஞர் ப்ளோஃபிஷ் என்ற முறையை வகுத்து, யாரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று உலகுக்கு அளித்தார். 2001ல் ஜேம்ஸ் யோனான் என்பவர் ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருளை வெளியிட்டார். மூலநிரல் எவருக்கும் திறந்திருப்பதால் சிறிய ஸ்தாபனங்களும் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. அம்மென்பொருளில், வேறு முறையைக் கேட்டு எழுதாதவர்க்கெல்லாம் ப்ளோஃபிஷ் பூட்டே நெடுங்காலம் தானாகப் பூட்டப்பட்டு வந்தது.

2016ல் பிரான்ஸ் தேசத்து இன்ரியா ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் பார்கவன், காய்த்தான் லூரான் என்னும் இருவர் இந்தப் பூட்டின் குறையைச் செய்து காட்டினார்கள். ‘ஸ்வீட்32’ என்பது அத்தாக்குதலுக்கு அவர்கள் இட்ட பெயர். அதன் அடிப்படை எளியது. ஒரு கூட்டத்தில் 23 பேர் இருந்தால் அவர்களுள் இருவருக்கேனும் பிறந்த நாள் ஒன்றாக இருப்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது கணிதம் கற்றோர் அறிந்ததே. ப்ளோஃபிஷ் செய்தியை 64 பிட் அளவுள்ள சிறு துண்டுகளாக வெட்டிப் பூட்டுகிறது. ஒரே சாவியைக் கொண்டு சுமார் 430 கோடி துண்டுகளை, அதாவது 32 கிகாபைட் அளவைப் பூட்டியபின், இரண்டு சங்கேதத் துண்டுகள் ஒன்றுபோல அமைந்துவிடும் வாய்ப்பு மிகுந்துவிடுகிறது. அவ்வாறு ஒத்தமையும் இடங்களைக் கூட்டிப் பார்த்து உள்ளிருப்பதை ஊகிக்கலாம். நூற்றுக்கணக்கான கிகாபைட்டுகளைச் சேர்த்து, இரண்டு நாட்களுக்குள் ஒரு ரகசிய அடையாளச் சீட்டை அவர்கள் மீட்டெடுத்தார்கள். சாவியை மணிக்கொரு முறை மாற்றும் ஏற்பாடு இருக்குமிடத்தில் அபாயம் குறைவே. ஆயினும் இரு பக்கமும் ஒரே நிலைச்சாவியைப் பகிர்ந்துகொண்டு மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டும் இடங்கள் உண்டு. 2001 நவம்பரில் தரமாக அறிவிக்கப்பட்ட ஏ.இ.எஸ். முறையோ 128 பிட் துண்டுகளைக் கொண்டது. அங்கே இந்த யுக்தி பயன்படும் அளவுக்குச் செய்தியை அனுப்பவும் சேர்க்கவும் நடைமுறையில் ஒருவராலும் இயலாது.

ஆகவே பழைய பூட்டு போக வேண்டும் என்பதில் விவாதமில்லை. எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் இரு கட்சிகள் எழுகின்றன.

இன்றே வெட்டி எறிய வேண்டும் என்பது ஒரு கட்சி. இவர்கள் கூற்றில் சாஸ்திரம் இருக்கிறது, ஜனங்கள் இல்லை. நடப்பதைப் பார்ப்போம். சங்கேதக் கணக்குகளைச் செய்து கொடுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற அடித்தள மென்பொருள் 2021 செப்டம்பரில் தன் 3.0 பதிப்பை வெளியிட்டபோது, ப்ளோஃபிஷைத் தனியாகக் கேட்டாலன்றிக் கிடைக்காத பழம்பொருள் அறைக்கு அனுப்பிவிட்டது. சர்வரைப் பராமரிப்பவர் ஓர் இரவில் அதன் இயங்குதளத்தைப் புதுப்பிக்கிறார். சங்கேதத்தை மாற்றுகிறோம் என்று அவர் எண்ணியிருக்கவே மாட்டார். மறுநாட் காலை, பழைய கிளையன்ட் வைத்திருக்கும் சிப்பந்தி கதவைத் தட்டுகிறார், கதவு திறப்பதில்லை. காரணம் சொல்லும் வரியோ அவருக்கு விளங்காத மொழியில் இருக்கிறது. தாமே ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, அரை நாட் சம்பளத்தை இழந்து, அதிகாரியிடம் வசவும் கேட்கிறார்.

பழைய கிளையன்ட் என்று நாம் சொல்வது சோம்பேறியின் யந்திரத்தை அன்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2011 செப்டம்பர் முதல் மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றை வாங்கிக் கொடுத்ததும் எல்காட் ஸ்தாபனமே. பல லட்சம் வீடுகளில் முதன்முதல் நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அக்காலத்தில் பெருவழக்காயிருந்த விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கு 2020 ஜனவரி 14ஆந் தேதியோடு பராமரிப்பு நின்றது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆந் தேதியோடு வழக்கமான பராமரிப்பு முடிந்தது. மாளிகையில் இருப்பவருக்குக் கம்பெனி மூன்றாண்டுக்கொரு முறை புது யந்திரம் கொடுக்கும். அடுக்குமாடி வீட்டிலிருந்து தினக்கூலிபோல் விவரப் பதிவு செய்யும் வாலிபருக்கும், சிறு தணிக்கையாளரிடம் கணக்கெழுதும் பெண்ணுக்கும் யார் கொடுப்பார்கள்? அவர்களுக்குப் பழைய யந்திரமே பிழைப்பு.

ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இது பார்வைக்குக் கருணைபோலத் தோன்றும். உண்மையில் பெரிய தீங்கு இதிலேதான் விளைகிறது. கதவு திறக்காத காலையில் கூக்குரல் எழுந்ததும், பராமரிப்பவர் பழம்பொருள் அறையைத் திறந்து பழைய பூட்டை எல்லோருக்குமாக மீண்டும் மாட்டிவிடுகிறார், தற்காலிகம் என்கிறார். அந்தத் தற்காலிகத்துக்கு முடிவு தேதி கிடையாது.

வைத்து மறந்த பழைய பூட்டால் என்ன விளையும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது. 1990களில் அமெரிக்க சர்க்கார் தன் தேசத்தாருக்குப் பலமான பூட்டையும், பிற தேசங்களுக்கு ஏற்றுமதி செய்வதற்கு 40 பிட் சாவியுள்ள வலுவற்ற பூட்டையும் வகுத்து வைத்திருந்தது. தாம் வேண்டும்போது திறக்கத் தக்கதையே அயலாருக்கு விற்கலாம் என்பது அக்கொள்கையின் சாரம். 1995ல் பிரான்ஸில் டேமியன் டோலிஜே என்பவர் அத்தகைய 40 பிட் சாவி ஒன்றை எட்டு நாட்களில் கண்டுபிடித்துக் காட்டினார். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்றுமதித் தடை தளர்ந்தது. தடை போயிற்று, பூட்டு போகவில்லை. பழைய கிளையன்ட்களுக்காக என்று சொல்லி ஆயிரக்கணக்கான சர்வர்கள் அதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2015 மார்ச்சில் ஃபிரீக் என்றும் மே மாதத்தில் லாக்ஜாம் என்றும் இரண்டு தாக்குதல்கள் வெளியாயின. இடையில் நிற்பவன், புதிய கிளையன்டும் புதிய சர்வரும் பேசிக்கொள்ளும் முதல் வார்த்தையில் புகுந்து, பழைய ஏற்றுமதிப் பூட்டையே இருவரும் மாட்டிக்கொள்ளும்படி செய்துவிடலாம் என்பது தெரிந்தது. பழையவர்க்கென்று வைத்த சலுகை, புதியவர்களையும் காட்டிக்கொடுத்தது. லாக்ஜாமைக் கண்டறிந்தவர்களே, 1024 பிட் அளவுள்ள பொது எண் ஒன்றைப் பெரிய வல்லரசு ஒன்று உடைத்துவிட்டால், தாம் ஆராய்ந்த வி.பி.என். சர்வர்களில் 66 சதவீதத்தின் பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்றும் கணக்கிட்டார்கள்.

நமது சர்க்காரும் இவ்விஷயத்தில் தெளிவோடு நடந்ததில்லை. இன்டர்நெட் சேவை உரிமங்களில், முன் அனுமதியின்றிப் பிரஜைகள் 40 பிட் சாவி வரையில்தான் சங்கேதத்தைக் கையாளலாம் என்ற நிபந்தனை வெகுகாலம் இருந்து வந்தது. அமெரிக்கா அயலாருக்கென்று ஒதுக்கிய அதே அளவை, சுதந்திர தேசத்து இலாகா தன் ஜனங்களுக்கே விதித்தது! அதே காலத்தில், 2001 ஜூன் மாதத்தில், ரிசர்வ் வங்கி இன்டர்நெட் வங்கித் தொழிலுக்கு 128 பிட் பூட்டுக்குக் குறையக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிற்று. ஒரு கையால் 40 என்றும் மறுகையால் 128 என்றும் எழுதினால் பிரஜை எதைப் பின்பற்றுவான்?

அவ்வாறாயின் வழி யாது? இரண்டு கட்சிக்கும் நடுவே வழி உண்டென்பதை ஓப்பன்விபிஎன் மென்பொருளை வளர்த்தவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். அதன் படிகள் நமக்குப் பாடமாகத் தக்கவை.

முதற் படி, பேரம். 2016 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பு முதல், கிளையன்ட் தனக்குத் தெரிந்த பூட்டுகளைச் சொல்கிறது. சர்வர் தன் பட்டியலில் அவற்றுள் எது முந்தி நிற்கிறதோ அதைத் தேர்கிறது. புதியவர்கள் தாமே புதிய பூட்டுக்கு மாறிவிடுகிறார்கள். இந்தப் பேரம், முன்னரே பூட்டிய ஓர் அறைக்குள் நடக்கிறது என்பதைக் கவனிக்க. முதலில் நம்பிக்கைச் சான்றுகளைக் காட்டித் தனி வாய்க்கால் ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்குள்ளேதான் எந்தப் பூட்டு என்று பேசுகிறார்கள். இடையில் நிற்பவன் அதில் கை வைப்பது எளிதன்று. 2015ல் விழுந்தவர்கள் பேரத்தைத் தெருவிலே நடத்தியவர்கள்.

இரண்டாம் படி, அளவு. பழைய பூட்டைத் தவிர வேறொன்றும் அறியாத கிளையன்ட் வந்தால், ஒரே சாவியால் 64 மெகாபைட்டுக்கு மேல் பூட்டாமல் சாவியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட அபாய எல்லையோ 32 கிகாபைட். பூட்டு பழையதே, எனினும் திருடனுக்கு வேண்டிய அளவு சரக்கு ஒரு சாவியின் கீழ் சேர்வதில்லை.

மூன்றாம் படி, எச்சரிக்கையும் ஒதுக்கலும். 2020 அக்டோபரில் வந்த 2.5 பதிப்பு, பழைய பூட்டைத் தானாக ஏற்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேண்டுவோர் அதன் பெயரைத் தம் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். பேரமே பேசத் தெரியாத மிகப் பழைய கிளையன்ட்டுக்கு மாத்திரம் கடைசிப் புகலாக ஒரு பூட்டைக் குறிப்பிடவும் தனி இடம் வைத்தது. 2023 ஜனவரியில் வந்த 2.6 பதிப்பில், இன்ன பழைய பதிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லி நடத்தும் வசதியும் சேர்ந்தது. குறை வெளியானதிலிருந்து இதுவரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கின்றன. இவ்வளவு காலத்திலும் பழையவன் ஒரே நாளில் தெருவில் நிறுத்தப்படவில்லை. புதியவன் பழையவனுக்காக அபாயத்தில் வைக்கப்படவும் இல்லை.

பெரிய வியாபாரிகளின் நடத்தையும் ஒப்பிடத் தக்கது. 1990களில் மைக்ரோசாப்ட் முதலியோர் வகுத்த பி.பி.டி.பி. என்ற வி.பி.என். முறையின் கடவுச்சொற் காவலை 2012ல் ஒரு நாளைக்குள் உடைக்கலாம் என்று நிரூபித்தார்கள். ஆப்பிள் கம்பெனி 2016ல் முன்னறிவிப்புக் கொடுத்துத் தன் யந்திரங்களிலிருந்து அதை ஒரே வெட்டாக எடுத்தது. மைக்ரோசாப்டோ 2024ல் வந்த விண்டோஸ் சர்வர் 2025ல் வேறு வழி கொண்டது. புதிதாக நிறுவும் சர்வர் அம்முறையைத் தானாக ஏற்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகள் முன்போலவே ஓடும். இனி வரும் பதிப்புகளில் இது நீங்கும் என்று முன்னரே அறிவிப்பும் செய்தாயிற்று.

சட்டம் பயின்றவர்களுக்கு இது புதிய தத்துவமன்று. ஒரு பழைய சட்டத்தை நீக்கும் புதிய சட்டத்தில் பெரும்பாலும் காப்பு விதி ஒன்று இருக்கும். 2024 ஜூலை 1ஆந் தேதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்து, 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை நீக்கிற்று. ஆயினும் அத்தேதிக்கு முன் தொடங்கி நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே முடிக்கப்பட வேண்டும் என்று அதன் 531ஆம் பிரிவு கூறுகிறது. ஒரே நீதிமன்றத்தில், ஒரே நீதிபதி முன், காலையில் ஒரு சட்டமும் பிற்பகலில் மற்றொரு சட்டமும் நடக்கின்றன. குழப்பமில்லை, ஏனெனில் எது யாருக்கு என்ற எல்லை எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் வழக்கைப் பழைய சட்டத்தில் தொடங்க முடியாது. பழைய வழக்குகள் முடிய முடியக் காப்பு விதிக்கு வேலையும் குறைந்து போகிறது. நாம் வேண்டுவதும் இத்தகைய காப்பு விதியே.

தமிழ் எழுத்தின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பு உண்டு. ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்களைத் துதிக்கை போன்ற வளைவு இல்லாமல் எழுதும் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935ல் தம் குடி அரசு பத்திரிகையில் கையாண்டார். 1978ல் தமிழ்நாட்டு சர்க்கார் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன்பின் புதியன யாவும் புதிய வடிவில் அச்சாயின. பழைய வடிவில் அச்சான நூல்களை ஒருவரும் எறியவில்லை. பெரும்பாக்கத்து நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்வோர் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள். புதியதில் எழுது, பழையதையும் படி என்பதே அங்கே விதி. ஆனால் ஒரு பேதத்தை மறக்கலாகாது. பழைய எழுத்தைப் படிப்பதால் யாருக்கும் தீங்கில்லை. பழைய பூட்டை ஏற்பதால் தீங்குண்டு. ஆதலின் எழுத்துக்குக் கெடு வேண்டியதில்லை. பூட்டுக்குக் கெடு வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதி, தென்சென்னைப் புறநகர்களில் காரியாலயம் நடத்தும் ஸ்தாபனங்களுக்கு நாம் சொல்லக் கூடியவை சில உண்டு.

முதலாவது, எண்ணுங்கள். எத்தனை கிளையன்ட்கள் பழைய பூட்டோடு வருகின்றன என்பது சர்வரின் குறிப்பேட்டில் தானே பதிந்திருக்கிறது. ஒரு மாதக் குறிப்பைப் பார்த்தால் ஆட்களின் பட்டியல் கிடைத்துவிடும். ஆளைத் தெரியாமல் கதவை மூடுவது நியாயமன்று.

இரண்டாவது, அறிவியுங்கள். தேதியையும் காரணத்தையும் செய்ய வேண்டியதையும் அவரவருக்கு விளங்கும் தமிழில் எழுதி, ஒரு முறைக்கு மூன்று முறை அனுப்புங்கள். கதவு திறக்காத காலையில் திரையில் வரும் ஒற்றை வரி அறிவிப்பாகாது.

மூன்றாவது, புதிதாகச் சேருபவர் ஒருவருக்கும் பழைய பூட்டைக் கொடாதீர்கள். இதை இன்றே செய்யலாம். இதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

நான்காவது, பழையவர்களுக்கு வேறு வாயில் வையுங்கள். அவர்களுக்கென்று தனிச் சர்வர் ஒன்றை ஒதுக்கி, அதன் வழியே வேலைக்கு வேண்டிய இடத்துக்கு மாத்திரம் செல்ல விட்டு, சாவியை அடிக்கடி மாற்றி, அவ்வாயிலின் மேல் முடிவு தேதியை எழுதி வையுங்கள். பெரிய வாயிலில் அந்தப் பூட்டின் பெயரே இருக்கலாகாது.

ஐந்தாவது, செலவை ஏலுங்கள். பல சமயங்களில் யந்திரம் பழையதாயினும், அதில் ஓடக்கூடிய புதிய கிளையன்ட் கிடைக்கும். சென்னையில் சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயங்குதளங்களும் உண்டு. அரை மணி நேரம் உடனிருந்து மாற்றிக் கொடுக்க ஓர் ஆளை அனுப்பினால் பெரும்பாலார் கரையேறிவிடுவார்கள். அதுவும் இயலாத சிலருக்குக் கம்பெனியே யந்திரம் தர வேண்டும். பூட்டு மாறுவதால் காக்கப்படுவது கம்பெனியின் சொத்து. அதன் செலவைச் சிப்பந்தியின் சம்பளத்தில் கழிப்பது தர்மமாகாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நுழைந்த 84-ஏ பிரிவு, சங்கேத முறைகளைப் பற்றி விதி செய்யும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளிக்கிறது. அதன்படி 2015 செப்டம்பரில் வெளியான நகற் கொள்கையோ, பிரஜைகள் தம் செய்திகளைச் சங்கேதமில்லாத உருவில் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று கூறிற்று. எதிர்ப்பு எழுந்து சில நாட்களிலேயே அது வாபஸாயிற்று. 2022 ஏப்ரல் 28ஆந் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வி.பி.என். சேவை நடத்துவோர் வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம் முதலியவற்றை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று விதித்தது. கம்பெனிகளின் சொந்த வி.பி.என்.களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவைக்காரர் சிலர் தம் சர்வர்களை இத்தேசத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே போகிறவன் யார் என்று கேட்பதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும், கதவின் பூட்டு நல்லதா என்று பார்ப்பதிலும் சர்க்கார் காட்ட வேண்டும். இன்ன பூட்டு இன்ன ஆண்டுக்குமேல் ஆகாது, அதுவரை இன்ன காப்போடு ஓடலாம் என்று ஒரு கால அட்டவணையை வெளியிட்டால், சிறிய ஸ்தாபனங்களும் அதைப் பார்த்து நடந்துகொள்ளும். அமெரிக்கத் தர ஸ்தாபனம் மூவடுக்கு டி.இ.எஸ். முறைக்கு 2023 டிசம்பர் 31ஆந் தேதியைக் கெடுவாகப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்திருந்தது. அப்பழக்கத்தை நாமும் கொள்ளலாம்.

இதற்கு அவசரமும் உண்டு. குவாண்டம் கம்ப்யூட்டர் என்னும் புதுவகை யந்திரம் பெரிதாக வளருமாயின், சாவி மாற்றிக்கொள்வதற்கு இன்று உலகம் கையாளும் முறைகள் பல உடையும். அதை எதிர்நோக்கி 2024 ஆகஸ்ட் 13ஆந் தேதி அமெரிக்கத் தர ஸ்தாபனம் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. பழைய முறைகளை 2030க்குப் பின் தவிர்க்கவும் 2035க்குப் பின் நீக்கவும் அவ்வருஷம் நவம்பரில் வெளியிட்ட வரைவில் யோசனையும் கூறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 பதிப்பில் அப்புதிய முறைகள் இடம் பெற்றுவிட்டன. ப்ளோஃபிஷ் போவது ஒரு பூட்டு மாறுவது. வரப்போவதோ தெருவிலுள்ள பூட்டுகள் யாவும் மாறுவது. சிறியதை ஒழுங்காகச் செய்து பழகாதவர் பெரியதை எவ்வாறு செய்வார்?

பெரும்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு இவ்விஷயத்தின் சாரத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும். அங்கே குடியிருப்பது அபாயம் என்று சொல்லி அவர்களைப் பெயர்த்தார்கள். அபாயம் என்னவோ உண்மைதான். 2015 டிசம்பர் வெள்ளம் அதைக் காட்டிற்று. ஆனால் பெயர்த்த பின் பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் வேலையும் பல மைல் தூரத்தில் நின்றுவிட்டன என்ற முறையீடு அங்கே ஆண்டுதோறும் கேட்கிறது. உன் நன்மைக்காகவே என்று சொல்லி ஒருவரை இடம் மாற்றுகிறவன், அவர் போய்ச் சேரும் வழியையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன். மாளிகைகளில் அமர்ந்து பூட்டுகளை மாற்றும் அதிகாரிகள் தம் ஜன்னல் வழியே அக்குடியிருப்புகளைப் பார்க்கலாம். அடுத்த முறை ஒரு பழைய பூட்டை எடுக்கும் முன், அக்கதவின் வழியே நாளைக் காலையில் வேலைக்கு வரவேண்டியவர்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.